ஸ்கூல் காம்பவுண்ட் சுவத்துல கலாம் ஐயா படம்: ஸ்பேஸ் சூட் போட்டு வரையலாமா? உப்புக் காத்துல பெயிண்ட் நிக்குமா?

தென்கடல்

எல்லாருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் கடல்ல இருந்து ஒரு 300 மீட்டர் தள்ளி எங்க ஊரு ஸ்கூல் இருக்கு, அதுல படிச்ச நாங்க ஒரு இருபது பேரு சேந்து காசு பிரிச்சு ரோட்ட பாத்த காம்பவுண்ட் சுவத்துல கலாம் ஐயாவ பெருசா வரையலாம்னு இருக்கோம். சுவரு 90 அடி நீளம், 7 அடி உசரம், தெக்கு பாத்தது. எச்.எம். கிட்டயும் பஞ்சாயத்துலயும் பேசியாச்சு, சரின்னுட்டாங்க. அக்டோபர் 15 அவரு பொறந்த நாள், இளைஞர் எழுச்சி நாள்னு ஸ்கூல்ல கொண்டாடுவாங்க, அதுக்குள்ள முடிக்கணும்.

ரெண்டு விசயம் கேக்கணும்.

மொதல்ல பெயிண்ட். இதே சுவத்துல முன்னாடி திருவள்ளுவர் வரைஞ்சிருந்தாங்க. ஒரு மழைக்காலம்தான், அடுத்த தை மாசமே பொரிஞ்சு பொரிஞ்சு உதிர ஆரம்பிச்சிருச்சு, முகம் பாதி காணாம அப்படியே நின்னுச்சு, தினமும் அத பாத்துக்கிட்டே பிள்ளைங்க உள்ள போகும், மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. கலாம் ஐயாவுக்கு அந்த நெலம வரக் கூடாது. என்ன செய்யணும்?

ரெண்டாவதுதான் எனக்கு தூக்கத்த கெடுக்குது. பாதிக் காசு குடுக்குறது சிங்கப்பூர்ல இருக்குற எங்க ஊரு அண்ணன் ஒருத்தரு, நல்ல மனுசன், ஸ்கூலுக்கு நெறைய செஞ்சிருக்காரு. அவரு ஒரு படம் அனுப்பி இதத்தான் வரையணும்னு சொல்லிட்டாரு. கலாம் ஐயா வெள்ளக் கலர் ஸ்பேஸ் சூட் போட்டு, ஹெல்மெட்ட கைல வச்சுக்கிட்டு நிலாவுல நிக்கிற மாதிரி. பாக்க அழகாத்தான் இருக்கு. அத பிரிண்ட் எடுத்து ஸ்கூல்ல காட்டுனப்ப எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன், "கலாம் தாத்தா எந்த வருசம்ணே நிலாவுக்குப் போனாரு?"ன்னு கேட்டான். விளையாட்டுக்கு கேக்கல, நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டான். எனக்கு பதில் சொல்லவே ஒரு மாதிரி ஆயிருச்சு. அவன் கேட்டதுல இருந்து அந்தப் படத்த வரையக் கூடாதுன்னு தோணுது, ஆனா அண்ணன் மனசும் நோகக் கூடாது. நீங்க என்ன நினைக்கிறீங்க?

கீழக்கரை பெயிண்டர்

தம்பி, ரெண்டாவது கேள்விக்கு படிச்சவங்க வருவாங்க, மொத கேள்விக்கு நான் சொல்றேன். 22 வருசமா இந்தக் கரையிலதான் சுவத்துல வேல பாக்குறேன், தொண்டியில இருந்து வாலிநோக்கம் வரைக்கும் ஸ்கூலு, பள்ளிவாசலு, சர்ச்சு, எல்லாம் அடிச்சிருக்கேன்.

திருவள்ளுவர் உதிர்ந்தது பெயிண்ட்டோட தப்பு இல்ல, சுவத்துக்குள்ள இருக்குற உப்போட தப்பு. நம்ம பக்கம் கட்டுறப்பவே உப்புத் தண்ணியில கலவை போட்டிருப்பாங்க, மணலும் எங்க அள்ளுனதுன்னு சொல்ல முடியாது, போதாததுக்கு தரையில இருந்து ஈரம் ஏறும். ஈரம் வெளிய வர்றப்ப உப்பையும் தூக்கிட்டு வரும், தண்ணி காஞ்சிரும், உப்பு மட்டும் பெயிண்ட்டுக்கு அடியில வெள்ளையா பூத்து நிக்கும். அது பெருக்கப் பெருக்க பெயிண்ட்ட தள்ளி விட்டுரும். இது தெரியாம மேல மேல புதுசா அடிச்சு காச கடல்ல போட்டவங்கதான் அதிகம்.

இப்ப ஆடி மாசம். தெக்குக் காத்து சோழகமும் மேக்குக் காத்து கச்சானும் மண்ண வாரி அடிக்குது, இப்ப படம் வரையவே வரையாதீங்க, ஈரப் பெயிண்ட்ல மண்ணு ஒட்டி சொரசொரன்னு ஆயிரும். ஆனா சுவத்த தயார் பண்ண இதுதான் நல்ல நேரம், காத்துல நல்லா காயும். பழைய பெயிண்ட்ட மொத்தமா சுரண்டி எடுங்க, கொஞ்சம் நல்லா இருக்கேன்னு எங்கயும் விட்டு வைக்காதீங்க. அப்புறம் வயர் பிரஷ் போட்டு தேச்சு உப்ப கொட்டுங்க. கொட்டுன உப்ப கூட்டி அள்ளி தூரப் போடணும். முக்கியமா, தேய்க்கிறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, கழுவுனா உப்பு கரைஞ்சு திரும்ப சுவத்துக்குள்ளயே போயிரும். எல்லாரும் செய்ற தப்பு இதுதான்.

தட்டிப் பாத்தா டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்குற எடத்துல பூச்சு பிடிப்பு விட்டிருச்சுன்னு அர்த்தம். அத கொத்தி எடுத்துட்டு புதுசா பூசணும், அதுக்கு போர் தண்ணி வேணாம், காவேரி தண்ணி நாலு குடம் கேட்டு வாங்கிக்கோங்க. புதுப் பூச்சு 28 நாளு ஆகாம பெயிண்ட் தொடக் கூடாது. கணக்கு போட்டுக்கோங்க, ஆடி முடியுறதுக்குள்ள பூச்சு முடிஞ்சா ஆவணி கடைசியில பிரைமர், புரட்டாசி மொத ரெண்டு வாரத்துல படம். ஐப்பசி பொறந்தா மழை எறங்கிரும், அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது.

ஈரம் இருக்கான்னு பாக்க செலவே இல்லாத வழி ஒண்ணு இருக்கு. ரெண்டடிக்கு ரெண்டடி பிளாஸ்டிக் ஷீட்ட சுவத்துல வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி விட்டுருங்க. மறுநாள் உள் பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா சுவரு இன்னும் காயல. தரைக்குப் பக்கத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மேல ஒண்ணுன்னு வச்சுப் பாருங்க.

பிரைமர் வெளிச் சுவத்துக்குன்னு இருக்குற, சிமெண்ட்டோட காரம் (ஆல்கலி) தாங்குறதுன்னு டப்பாவுல போட்டிருக்கும் பாருங்க, அத வாங்குங்க. மேல எக்ஸ்டீரியர் எமல்ஷன் ரெண்டு கோட்டு, உங்க சுவரு 630 சதுர அடி வருது, 11, 12 லிட்டர் பிடிக்கும். யாராவது வள்ளத்துக்கு அடிக்கிற எனாமல் பளபளன்னு இருக்கும்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க. மரத்துக்கு அது சரி. சுவரு மூச்சு விடணும், எனாமல் அத அடைச்சிரும், அப்புறம் கொப்புளம் கொப்புளமா கெளம்பும்.

கலர்ல காவி, மஞ்சக் காவி, இரும்பு ஆக்சைடு செவப்பு, கருப்பு, இதெல்லாம் வெயில் தாங்கும். ஸ்டெயினர் ஊத்தி கலக்குற ரோஸு, பளிச்சு ஆரஞ்சு எல்லாம் தெக்கு வெயில்ல ரெண்டு வருசத்துல வெளுத்துரும், முகத்துக்கு அத நம்பாதீங்க. கீழ 2 அடி வெறும் கரும் சாம்பல் கலர் அடிச்சு விட்டுருங்க. மழைத் தண்ணி தெறிக்கும், ஆடு ஒரசும், பிள்ளைங்க சைக்கிள சாய்க்கும். அவரு முகம் அந்த ஒசரத்துல இருக்கக் கூடாது. சுவத்துக்கு மேல தண்ணி நிக்காம வெளிய வடியுற மாதிரி சரிவா ஒரு பூச்சு போட்டுட்டா இன்னும் ரெண்டு வருசம் கூட நிக்கும்.

உச்சிப்புளி உதயன்

சூட் போட்டு வரைஞ்சா என்ன தப்பு? நமக்கு விண்வெளின்னாலே அவருதான். சின்னப் பிள்ளைங்க கோட்டு போட்ட படத்த பாத்தா நிக்காது, ஸ்பேஸ் சூட்ட பாத்தா நின்னு பாக்கும். மரியாதையாத்தானே வரையுறோம். காசு குடுக்குறவரு ஆசையா கேக்குறாரு, செஞ்சு குடுத்துருங்க ப்ரோ.

ராம்நாடு பிசிக்ஸ்

உதயன் தம்பி, உங்க ஆசை புரியுது, நானும் அவரு மேல அவ்வளவு பிரியம் உள்ளவன்தான். ஆனா நான் முப்பது வருசம் பிள்ளைங்களுக்கு பிசிக்ஸ் எடுத்தவன், சுவத்துல இருக்குறது புத்தகத்துல இருக்குறத விட ஆழமாப் பதியும்னு எனக்குத் தெரியும். அந்த எட்டாவது பையன் கேட்டது சரியான கேள்வி. அந்தப் படம் வந்தா இனிமே ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு வகுப்பும் அதே கேள்விய கேக்கும், சிலபேரு கேக்காம அப்படியே நம்பிக்கிட்டு போயிருவாங்க.

கலாம் விண்வெளிக்குப் போகல. மொதல்ல போன இந்தியர் ராகேஷ் சர்மா, 1984 ஏப்ரல் 3, சோவியத் சோயுஸ் கலத்துல. அதுக்கப்புறம் 41 வருசம் கழிச்சு 2025 ஜூன்ல சுபான்ஷு சுக்லா போனாரு, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள்ள போன மொத இந்தியர் அவருதான். சூட்டு அவங்களோடது. அத எடுத்து கலாமுக்குப் போட்டா அவங்களுக்கும் மரியாதை இல்ல, இவருக்கும் இல்ல. ஏன்னா இவரு செஞ்சதே அதுக்குக் கொறஞ்சது இல்லையே, அத எதுக்கு மறைக்கணும்?

அவரு ராக்கெட் செஞ்சவரு. 1963 நவம்பர் 21 கேரளாவுல தும்பாவுல இருந்து மொத ராக்கெட் போனப்ப அங்க இருந்த சின்னக் கூட்டத்துல ஒருத்தரு. அப்ப அங்க கட்டடமே கெடையாது, மேரி மக்தலேனா சர்ச்சுதான் ஆபீசு, ராக்கெட் பாகத்த சைக்கிள்ல வச்சு தள்ளிட்டுப் போன போட்டோ உலகம் பூரா தெரியும். மீன்பிடிக் கிராமம் அது, நம்ம ஊரு மாதிரியே மணலும் தென்னையும். சைக்கிள்ல ராக்கெட் போறத வரைஞ்சா எந்தப் பிள்ளை நிக்காமப் போகும்?

இன்னொண்ணும் சொல்றேன், இது உங்க சுவத்துக்கே பொருந்தும். அதே வருசம் அவர பயிற்சிக்கு அமெரிக்கா அனுப்புனாங்க. வாலப்ஸ் தீவுல நாசாவோட ராக்கெட் தளத்துல வரவேற்பு அறைச் சுவத்துல ஒரு ஓவியம் மாட்டியிருந்துச்சாம். சண்டைக் காட்சி, பின்னாடி ராக்கெட் பறக்குது. கிட்டப் போய் பாத்தா ராக்கெட் விடுறது வெள்ளைக்காரன் இல்ல, திப்பு சுல்தானோட படை. நம்ம ஊருல நாமளே மறந்துட்ட ஒண்ண நாசாவுல கொண்டாடுறாங்களேன்னு பெருமையா இருந்துச்சுன்னு அவரே எழுதியிருக்காரு. ஒரு சுவத்துப் படம் முப்பது வயசு தாண்டுன ஆளு மனசுல அப்படி நின்னிருக்கு. நம்ம சுவத்துப் படம் 12 வயசுப் பிள்ளை மனசுல என்ன செய்யும்னு யோசிங்க.

அவரு பறக்கணும்னு ஆசப்பட்டதே ராமேஸ்வரம் கடற்கரையிலதான். அஞ்சாம் வகுப்புல சிவசுப்பிரமணிய ஐயர்னு ஒரு வாத்தியாரு, பறவை எப்படிப் பறக்குதுன்னு போர்டுல வரைஞ்சு சொல்லிக் குடுத்தாரு. பிள்ளைங்களுக்குப் புரியலன்னதும் எல்லாரையும் கடற்கரைக்கு கூட்டிட்டுப் போய் நெஜப் பறவைய காட்டுனாரு, எறக்கையும் வாலும் எப்படித் திரும்புதுன்னு. அதுக்குப் பெறகு ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் ஸ்கூல்ல வந்து படிச்சாரு. கடலும் பறவையும் உங்க ஸ்கூல் வாசல்லயே இருக்கு, அத வரைங்க. பாக்குற பிள்ளை ரோட்டத் தாண்டிப் போனா அதே பறவைய நெஜத்துலயே பாத்துரும்.

பாம்பன் பொண்ணு

சார் சொன்னதுக்கு அப்புறம் சொல்ல எதுவும் இல்லன்னுதான் நெனச்சேன், ஆனா 90 அடி சுவருன்னு படிச்சதும் ஒண்ணு தோணுச்சு, அத சொல்லாம இருக்க முடியல.

கலாம் ஐயா தலைமையில செஞ்ச எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டோட நீளம் 22 மீட்டர். அடியில 72 அடி வருது. கீழ்ப்பாகம் குறுக்களவு 1 மீட்டர்தான், மூணேகால் அடி. அதாவது உங்க சுவத்துல அந்த ராக்கெட்ட படுக்க வச்ச மாதிரி நெஜ அளவுலயே வரையலாம்! கீழ பெயிண்டர் காக்கா (எங்க பக்கம் அண்ணன அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்ன 2 அடி போக மிச்சம் 5 அடி இருக்கு, தாராளமா அடங்கும். 18 அடி மிச்சம் வருது, அதுல கலாம் ஐயாவ நிக்க வைங்க. பிள்ளைங்க வால்ல இருந்து மூக்கு வரைக்கும் நடந்து பாக்கட்டும், கையால அளந்து பாக்கட்டும். எந்த மியூசியத்துல போய் இப்படித் தொட்டுப் பாக்க முடியும் சொல்லுங்க. நான் எஞ்சினியரிங் படிக்கிறேன், நானே ஒரு ராக்கெட்ட நெஜ அளவுல இன்னும் பாத்ததில்ல.

17 டன் எடை, நாலு அடுக்கு, அத்தனையும் திட எரிபொருள். அது தூக்கிட்டுப் போன ரோகிணி செயற்கைக்கோள் வெறும் 35 கிலோ, எங்க வீட்டு ஐஸ் பெட்டியில மீன் நெரப்புனா அந்த எடை வந்துரும். அந்த 35 கிலோவ மேல வைக்கத்தான் 17 டன். இத சுவத்துல எழுதி வச்சா எந்த வாத்தியாரும் தனியா கிளாஸ் எடுக்க வேணாம். இப்ப மனுசங்கள விண்வெளிக்கு அனுப்புற ககன்யான் திட்டத்துக்கு வச்சிருக்குற எல்.வி.எம்.3 ராக்கெட் 640 டன்.

அப்புறம் ஒரு விசயம், இத விட்டுறாதீங்க. 1979 ஆகஸ்ட் 10 இதே எஸ்.எல்.வி.-3 மொத தடவ கெளம்பி 317 நொடியில முடிஞ்சு போச்சு. ரெண்டாவது அடுக்குல கட்டுப்பாட்டுக்கு வச்சிருந்த ஆசிட் லீக் ஆகி வடிஞ்சிருக்கு, ராக்கெட் திசை மாறி ஸ்ரீஹரிகோட்டாவுக்கு 560 கிலோமீட்டர் தள்ளி வங்காள விரிகுடாவுல விழுந்துருச்சு. ப்ராஜெக்ட் டைரக்டர் கலாம் ஐயாதான். பத்திரிகைக்காரங்க முன்னாடி அவர விடாம அப்ப இஸ்ரோ தலைவரா இருந்த சதீஷ் தவான் சாரே போய் உக்காந்து பதில் சொன்னாரு. அடுத்த வருசம் 1980 ஜூலை 18 காலையில 8 மணி 3 நிமிசத்துக்கு கெளம்பி போய்ச் சேந்துச்சு, அப்ப பேசச் சொல்லி கலாம் ஐயாவ முன்னாடி அனுப்பி வச்சாரு. எனக்கு அவங்க ரெண்டு பேரையும் நெனச்சாலே கண்ணு கலங்கும்.

அந்தக் கடல்ல விழுந்தத சுவத்துல காட்டுங்க. நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு கடல் எடுத்துக்கிட்டா என்னன்னு தெரியும். எங்கப்பாவோட நாட்டுப்படகு புயல்ல போனப்ப எனக்கு ஒம்பது வயசு. கலாம் ஐயாவோட வாப்பாவும் ராமேஸ்வரத்துல இருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரைக்காரங்கள ஏத்திட்டுப் போக மரப் படகு கட்டினாரு, அதுவும் புயல்லதான் போச்சு. இத தெரிஞ்சுக்கிட்டப்ப எனக்குக் கெடச்ச தைரியம் எந்த பொன்மொழியிலயும் கெடைக்கல.

உதயன் அண்ணே, சூட்டு வேணும்னு நீங்க கேக்குறதும் எனக்குப் பிடிச்சிருக்கு, அத யாரு போட்டிருக்காங்கங்கறதுதான் கேள்வி. சுவத்தோட கடைசியில, ராக்கெட் மூக்கு முடியுற எடத்துல, நம்ம ஊரு பொம்பளப் பிள்ளை ஒண்ண ரெட்டை ஜடையோட சூட் போட்டு நிக்க வைங்க. யாரோட முகமும் வேணாம், பொதுவா ஒரு பிள்ளை. சூரியன ஆராயுற ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் சாஜி மேடம் செங்கோட்டைக்காரங்க. ககன்யானுக்குத் தேர்வான நாலு பேர்ல அஜித் கிருஷ்ணன் சென்னையில பொறந்தவரு. தெக்க குலசேகரப்பட்டினத்துல ரெண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டியாச்சு, அங்க இருந்து விட்டா இலங்கைய சுத்தி வளைஞ்சு போக வேண்டியதில்ல, நேரா தெக்க போகலாம். எல்லாம் நம்ம கரைப் பக்கம் வந்துக்கிட்டே இருக்கு.

உச்சிப்புளி உதயன்

72 அடி நெஜ அளவுன்னதும் நான் சொன்னத திரும்ப வாங்கிக்கிறேன் தங்கச்சி. இத்தன நாளா எனக்கே அந்த நீளம் தெரியாது. லீவு நாள்ல வந்து சொரண்ட நானும் வர்றேன், எடம் மட்டும் சொல்லுங்க.

தென்கடல்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து ராத்திரி சிங்கப்பூர் அண்ணன்கிட்ட பேசினேன். அந்தப் பையன் கேட்டத அப்படியே சொன்னேன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "நான் சின்ன வயசுல அந்த ஸ்கூல்ல படிக்கிறப்ப எங்களுக்கு அவர யாருன்னே தெரியாதுடா, அதான் பெருசா காட்டணும்னு நெனச்சேன்"னாரு. அத கேட்டதும் எனக்கு அவரு மேல இருந்த வருத்தம் எல்லாம் போச்சு. பாம்பன் தங்கச்சி சொன்ன நெஜ அளவு ராக்கெட்ட சொன்னேன், உடனே சரின்னுட்டாரு, சூட்டு போட்ட பிள்ளையும் கண்டிப்பா இருக்கணும்னு சொன்னாரு. பூச்சு வேலைக்கு ஆகுற கூடுதல் செலவும் அவரே தர்றாராம்.

இப்ப ஒரு சந்தேகம். கலாம் ஐயாவ எந்த வயசுல வரையுறது? 1980ல அவருக்கு 48 வயசு, முடி கருப்பா இருக்கும், பிள்ளைங்களுக்கு அடையாளம் தெரியாதே. எல்லாருக்கும் தெரிஞ்சது அந்த வெள்ள முடிதான். காக்கா, 1 மீட்டர் ராக்கெட்டுக்குப் பக்கத்துல ஆள எவ்வளவு உசரம் வரையலாம்?

ராம்நாடு பிசிக்ஸ்

ரெண்டு வயசுலயும் வரைங்க. வால் பக்கம் பேப்பர் கட்டோட ஒரு பையன், ஓடுற ரயில்ல இருந்து தூக்கிப் போட்ட பேப்பர் கட்ட பொறுக்கி எடுத்துக் குடுத்தவருதானே அவரு. ராக்கெட் பக்கத்துல 48 வயசு எஞ்சினியர். பையன் பக்கத்துல "ராமேஸ்வரம்"னு, எஞ்சினியர் பக்கத்துல "1980"னு மட்டும் எழுதுங்க, பிள்ளைங்க வாத்தியார்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும். வெள்ள முடிப் படம் எல்லா எடத்துலயும் இருக்கு.

கீழக்கரை பெயிண்டர்

ஆளு நெஜ உசரத்துக்கே நிக்கட்டும் தம்பி, ராக்கெட்டு நெஜ அளவுன்னா ஆளும் நெஜ அளவா இருந்தாத்தான் கண்ணுக்கு கணக்கு புரியும். ஆளு முழுசா நிக்கிற எடத்துல மட்டும் கீழ சாம்பல் பட்டைய அரை அடியா கொறச்சுக்குவோம், முகம் எப்படியும் 5 அடிக்கு மேல வந்துரும், ஆடு எட்டாது. முகத்துக்கு போட்டோவுலயும் சுவத்துலயும் கட்டம் போட்டு எடுத்துக்கிறேன், முகத்துக்கு மட்டும் கட்டத்த நல்லா சின்னதா போட்டுக்கிறேன், கண்ணு தப்பாது. அந்த முன் முடி ரெண்டு பக்கமும் வளைஞ்சு விழுறதுலதான் எல்லாரும் கோட்ட விடுவாங்க, அந்த எடத்த நான் போடுறேன், கூலி வேணாம். பெயிண்ட்டு பிரஷ்ஷு செலவ மட்டும் பாத்துக்கோங்க.

ராக்கெட்டோட ஒவ்வொரு அடுக்கும் எங்க முடியுது, எந்த எடத்துல எவ்வளவு ஒல்லியாகுதுன்னு அளவோட ஒரு படம் வேணும், பாம்பன் புள்ள, நீங்க எடுத்து அனுப்புங்கம்மா. சாக்பீஸ் தடவுன நூல் அடிச்சு 72 அடிக்கும் ஒரே கோடா இழுத்துரலாம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு பைக்ல வந்து சுவத்த பாக்குறேன், பிளாஸ்டிக் ஷீட்டும் டேப்பும் நானே கொண்டாறேன். அதுக்குள்ள யாராவது ஆர்வத்துல சுவத்த கழுவி வச்சிறாதீங்க.